சல்லிக் கிணற்றடியில் ஒரு கேள்வி: வெளிநாட்டு ஊழியத்தில் நீங்கள் சந்தித்த முகம் தெரியாதவர்கள்

தேரூர்க்காரி | 8 டிசம்பர் 2024, இரவு 9.40

வருகிற 26ஆம் தேதியோடு ஆழிப்பேரலைக்கு இருபது ஆண்டு நிறைகிறது. அலையைப் பற்றி எழுத இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் எழுத நினைப்பது, அதற்கு ஆறு வாரம் கழித்துத் திருகோணமலையில் ஒரு கிணற்றடியில் பெயர் தெரியாத ஒரு பெரியவர் என்னிடம் கேட்ட கேள்வியைப் பற்றி. இதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சபையில் சாட்சி சொல்ல எழுப்பிவிட்டபோதும் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி, செவிலியர். 2005 பிப்ரவரி முதல் வாரம் எங்கள் சபையிலிருந்து பதினொரு பேர் ஊழியக் குழுவாக இலங்கைக்குப் போனோம். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. அங்கிருந்து திருகோணமலைக்கு வேனில் போகத்தான் ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. ஹபரணை தாண்டியதும் இரண்டு பக்கமும் காடு, யானை கடக்கும் என்று பலகை, நடுநடுவே சோதனைச்சாவடி. போர்நிறுத்தக் காலம் என்பதால் இறங்கி, பையைத் திறந்து காட்டி, திரும்ப ஏறுவதோடு முடிந்தது. உவர்மலையில் ஒரு வீட்டில் தங்க இடம் கொடுத்தார்கள். மாடியிலிருந்து பார்த்தால் துறைமுகம் ஏரி போல அசையாமல் கிடக்கும். இந்தக் கடலா அப்படிச் செய்தது என்று தோன்றும்.

காலையில் மருத்துவ முகாம். மதியத்துக்கு மேல் கிணறு சுத்தம் செய்யும் வேலை. கடற்கரை ஊர்களில் எல்லாக் கிணற்றிலும் கடல் ஏறியிருந்தது. சபை மக்களின் காணிக்கையில் வாங்கிய இரண்டு பெட்ரோல் இறைப்பு இயந்திரங்கள் எங்களிடம் இருந்தன. நாளைக்கு ஐந்து கிணறு என்று குழுத் தலைவர் கணக்கு வைத்திருந்தார். நோட்டில் எண் ஏறிக்கொண்டே போகும். ஞாயிற்றுக்கிழமை அந்த எண்ணைத் தொலைபேசியில் ஊருக்குச் சொல்வார், ஊரில் கை தட்டுவார்கள்.

நிலாவெளி வீதியிலிருந்து கடற்பக்கம் திரும்பினால் சல்லி. அம்மன் கோயிலுக்குப் பேர்போன ஊர். அங்கே மூன்றாவது கிணற்றில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயதிருக்கும். நாம் கைலி என்பதை அவர்கள் சாரம் என்கிறார்கள். அதை மடித்துக் கட்டியிருந்தார். ஒன்றும் சொல்லாமல் ரப்பர் குழாயின் மேல் காலை வைத்து நின்றுகொண்டார்.

"மகள், இதை நிற்பாட்டச் சொல்லுங்கள்."

"ஏன் பாட்டா?" என்றேன். எங்கள் ஊரில் தாத்தாவைப் பாட்டா என்றுதான் கூப்பிடுவோம். அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். ஏனென்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

இயந்திரம் நின்றது. அவர் சொன்னதை இன்னும் அப்படியே வைத்திருக்கிறேன்: "இந்த மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே படுத்திருக்கிறது. பாலுக்கு மேல் ஆடை மாதிரி. ஆடையை வழித்து ஊற்றினால் அடியில் கிடக்கிறதுதானே மேலே வரும்? உங்களுக்கு முன்னாலும் இரண்டு கூட்டம் வந்து இறைத்துவிட்டுப் போனது. ஒவ்வொரு தடவையும் உவர் கூடியதுதான் மிச்சம். மாரி பெய்யட்டும். அது பார்த்துக்கொள்ளும்."

குழுத் தலைவருக்கு முகம் சுருங்கிவிட்டது. சமாளித்துக்கொண்டு, உங்களுக்காக ஜெபிக்கலாமா என்று கேட்டார். "தாராளமாக. இயந்திரத்தைத் திரும்பப் போடாமல் செய்யுங்கள்" என்றார் பெரியவர். எங்களில் இரண்டு பேருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஜெபம் முடிந்ததும் தறப்பாள் கொட்டிலுக்குள் போய் எல்லாருக்கும் வெறும் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். பவுசரில் (தண்ணீர் லாரியில்) அளந்து கொடுத்த தண்ணீர் அது. பதினொரு பேருக்கு நாலு கிளாஸ். சீனியைக் கையில் கொட்டி, நக்கிக்கொண்டு குடிக்கச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்தவள் நான் என்பதால் என்னிடம் பேச்சுக் கொடுத்தார்.

"எந்த ஊர் மகள்?"

"கன்னியாகுமரிப் பக்கம்."

"அங்கேயும் கடல் வந்ததாமே. வானொலியில் கேட்டேன்."

"ஆமாம். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி..."

"அப்போ அங்கே யார் நிற்கிறார்கள்?"

எனக்கு முதலில் புரியவில்லை. நம் ஊரில் தேர்தலுக்குத்தான் நிற்பார்கள். அவர்கள் பேச்சில் 'நிற்பது' என்றால் கூட இருப்பது. புரிந்தபோது வாயில் இருந்த சீனி கரையவில்லை. மணக்குடி என் வீட்டிலிருந்து அரை மணி நேரம். டிசம்பர் 26க்குப் பிறகு நான் அங்கே போயிருக்கவில்லை.

நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து அவரே பேச்சை மாற்றினார். "இரண்டு கிழமைக்கு முன்னம் கன்னியாவில் முப்பத்தோராம் நாள் காரியம் முடித்தேன்" என்றார். (கிழமை என்றால் அங்கே வாரம்.) எனக்கு அது கன்னியாகுமரி என்று காதில் விழுந்தது. எப்படி அங்கே போய் வந்திருப்பார் என்று குழம்பி, பதிலுக்குத் தலையை மட்டும் ஆட்டினேன். கன்னியா என்பது அந்த ஊர் வெந்நீர்க் கிணறுகள் என்பதும், செத்தவர்களுக்கு அங்கேதான் காரியம் செய்வார்கள் என்பதும் இரவு உவர்மலை வீட்டில் சொல்லித்தான் தெரிந்தது. யாருக்காகச் செய்தார் என்று நான் கேட்கவே இல்லை.

மறுநாள் வேறொரு ஊரில் ஐந்து கிணறு இறைத்தோம். எண் குறையக்கூடாதல்லவா.

ஊழியத்துக்காக வெளிநாடு போன இடத்தில் இப்படி யாரையாவது சந்தித்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்கவேண்டும் என்று தோன்றினால் அதையும்.

நீரோட்டம் | 8 டிசம்பர் 2024, இரவு 11.05

நிலத்தடி நீர்தான் என் தொழில். பெரியவர் சொன்னதில் ஓர் எழுத்துப் பிழை இல்லை. கடலோர மணல்திட்டில் மழைநீர் வில்லை வடிவில் கடல்நீருக்கு மேல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்குதான் கனம். அந்தச் சின்ன வித்தியாசத்தில் முழு அமைப்பும் நிற்கிறது. கணக்கு இப்படி வரும்: நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால் கீழே சுமார் நாற்பது அடிக்கு இருக்கும். இதைத் திருப்பிப் படியுங்கள். இயந்திரம் வைத்து ஓர் அடியை இறக்கினால் அடியிலிருக்கும் உப்புநீர் நாற்பது அடி மேலேற இடம் கிடைக்கிறது. கிணற்றுக்கு நேர் கீழே அது கூம்பு போல எழுந்து வரும்.

2005இல் கிழக்கு இலங்கைக் கரை முழுக்க இதுதான் நடந்தது. நல்ல மனத்தோடு வந்தவர்கள் ஒரே கிணற்றைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். சில இடங்களில் சுவர் உள்ளே சரிந்தது. சேற்றையும் குப்பையையும் எடுக்க ஒரு தடவை மெதுவாக இறை, பிறகு மழைக்கு விடு என்ற அறிவுரை பிறகுதான் பரவியது. நாங்கள் பலகையில் படம் போட்டு அரை மணி நேரம் விளக்குவதை அவர் பால் ஆடையில் முடித்துவிட்டார். நாளை முதல் நானும் ஆடைதான்.

கோணமலைக் காகம் | 9 டிசம்பர் 2024, காலை 6.15

தேரூர்க்காரி அக்கா, அவர் ஏன் காலைப் பார்த்தார் என்று இருபது வருடம் கழித்து நான் சொல்லவேண்டியிருக்கிறது. இங்கே பாட்டா என்றால் ரப்பர் செருப்பு. கம்பெனிப் பெயர் செருப்புக்கே பெயராகிவிட்டது. 'ஏன் செருப்பா?' என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் அதற்கும் மகள் என்றே பதில் சொல்லியிருக்கிறார் பாருங்கள். (பாட்டனைப் பாட்டா என்று கூப்பிடும் வீடுகள் யாழ்ப்பாணப் பக்கம் உண்டு. சல்லியில் அந்த நேரம் அவருக்கு அது நினைவு வந்திருக்காது.)

கன்னியாவில் ஏழு கிணறு. கைக்கெட்டும் ஆழம். அடுத்தடுத்து இருந்தாலும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இராவணன் தாயாருக்குக் கடன் கழிக்க வாளால் குத்தி உண்டாக்கினான் என்பது எங்கள் ஊர்க் கதை. அதனால்தான் அந்தியேட்டிக்கு, அதாவது முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு, அங்கே போகிறோம். 2005 ஜனவரி கடைசியில் அங்கே நின்ற கூட்டத்தை நான் பார்த்தேன். ஒரே நாளில் இறந்தவர்களுக்கு ஒரே நாளில்தானே முப்பத்தொன்று வரும். அதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

இன்னொரு கிணற்றுக் கதையும் இருக்கிறது. 1620களில் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லைக் கோட்டைக்குப் போட்டார்கள். அப்போது புதைத்து ஒளிக்கப்பட்ட விக்கிரகங்கள் 1950இல் நகரசபை தண்ணீருக்குக் கிணறு வெட்டியபோது வெளியே வந்தன. சிலுவையோடு கடல் தாண்டி வந்தவர்களை இந்த ஊருக்கு நானூறு வருடமாகத் தெரியும். அப்படியிருந்தும் உங்கள் பெரியவர் தேநீர் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

கடலோடி | 9 டிசம்பர் 2024, காலை 10.30

நான் நாகப்பட்டினம். கீச்சாங்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவன். வாங்கிய பக்கத்திலிருந்து பேசுகிறேன், கோபித்துக்கொள்ளவேண்டாம்.

2005 ஜனவரியில் எங்கள் சாலையோரம் பழைய துணி குவிந்து கிடந்தது. கம்பளிச் சட்டை, குளிர்நாட்டுக் கோட்டு, ஒற்றைக் காலணி. மாடுகூட மோந்து பார்த்துவிட்டுப் போனது. ஒவ்வொரு வேனும் ஒரு துணிப் பதாகையோடு வரும். அதைப் பிடித்து நின்றால் பொட்டலம். நான் எட்டாம் வகுப்பு. அப்பாவைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் நாலு விதமான பதாகைக்கு முன்னால் நின்றிருக்கிறேன். அதில் உங்கள் மதத்தாரும் உண்டு, எங்கள் மதத்தாரும் உண்டு, மதமே இல்லாத கட்சிக்காரர்களும் உண்டு.

அதனால் ஒன்றைக் கேட்கிறேன். நீங்கள் கிணறு மட்டும் இறைக்கவில்லை. பொட்டலமும் கொடுத்திருப்பீர்கள். அதில் அரிசியைத் தவிர வேறு என்ன இருந்தது? இவ்வளவு விரிவாக எழுதியவர் அந்த இடத்தை மட்டும் ஏன் தாண்டிப் போனீர்கள்?

வேதப்பிரியன் | 9 டிசம்பர் 2024, காலை 11.12

இதுதான் எதிர்பார்த்தேன். எதைச் செய்தாலும் மதமாற்றம் என்று முத்திரை. இலங்கையில் 2004இலேயே இதற்குச் சட்டமூலம் கொண்டுவந்தார்கள். பௌத்த பிக்குகளின் கட்சியான ஜாதிக ஹெல உறுமய கொண்டுவந்ததன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு ஒவ்வாதவை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பசித்தவனுக்குச் சோறு கொடுப்பவனைக் கூண்டில் ஏற்றினால் நாளைக்கு யார் வருவார்கள்?

கடலோடி | 9 டிசம்பர் 2024, காலை 11.20

நான் சட்டத்தைக் கேட்கவில்லை ஐயா. பொட்டலத்தைக் கேட்டேன். அதுவும் உங்களை அல்ல.

மட்டுறுத்துநர் | 9 டிசம்பர் 2024, பகல் 12.00

மதமாற்றச் சட்டங்களுக்குத் தனி இழை ஏற்கெனவே முந்நூறு பதிவைத் தாண்டி எரிந்துகொண்டிருக்கிறது. அதை இங்கே கொண்டுவரவேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

தேரூர்க்காரி | 9 டிசம்பர் 2024, இரவு 10.18

இரவுப் பணி இல்லாத நாளாகப் பார்த்து எழுதுகிறேன். கடலோடி தம்பி, உங்கள் கேள்வி சரியான இடத்தில்தான் பட்டது. முதல் பதிவில் ஒன்றை வேண்டுமென்றே விட்டேன்.

பொட்டலத்தில் அரிசி, பருப்பு, சீனி, சோப்பு, தீப்பெட்டி. அரிசிக்கும் பருப்புக்கும் நடுவில் ஒரு புதிய ஏற்பாடு. வெளியில் தெரியாமல், திறந்தால் கண்ணில் படும்படி. உவர்மலை வீட்டுத் திண்ணையில் அடுக்கியவர்களில் நானும் ஒருத்தி. ஒன்றைக் கூட மறக்கக்கூடாது என்று எண்ணி எண்ணி வைத்தோம்.

தேநீர் குடித்து முடிந்து அவருக்கும் ஒன்று கொடுத்தோம். வேன் கிளம்பும்போது ஓடிவந்தார். கையில் அந்தப் புத்தகம். சாரத்தின் நுனியால் அதில் ஒட்டியிருந்த அரிசி மாவைத் துடைத்துக்கொண்டே ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினார். "மகள், உங்களுடைய புத்தகம் ஒன்று அரிசியோடு சேர்ந்து வந்துவிட்டது. தேடுவீர்கள்."

வாங்கிக்கொண்டேன். நன்றி என்றுகூடச் சொன்னேன். வேனுக்குள் யாரும் பேசவில்லை.

அது இப்போதும் என் அலமாரியில் இருக்கிறது. நடுவில் ஒரு தாள் ஈரம் பட்டு உலர்ந்து சுருங்கியிருக்கிறது. அவர் திறந்து பார்த்தாரா, அரிசியின் ஈரமா, எனக்குத் தெரியாது.

கோணமலைக் காகம் | 10 டிசம்பர் 2024, காலை 6.02

அது எங்கள் ஊர் மரியாதை அக்கா. விருந்துக்கு வந்தவரிடம் வேண்டாம் என்று சொல்லமாட்டோம். மறந்து வைத்துவிட்டீர்கள் என்போம். அவரும் தலை குனியத் தேவையில்லை, நாமும் பொய் சொல்லத் தேவையில்லை.

கடலோடி | 10 டிசம்பர் 2024, காலை 8.47

மரியாதை இல்லை, அறை. கன்னத்தில் கை படாமல் அறைந்திருக்கிறார். எங்கள் ஊரில் ஒருவருக்கும் அந்தத் துணிவு வரவில்லை, எனக்கும் சேர்த்துத்தான். மறைக்காமல் எழுதியதற்கு நன்றி அக்கா. நேற்று நான் கேட்ட விதம் கொஞ்சம் முள்ளாக இருந்தது.

பாலையூற்றான் | 10 டிசம்பர் 2024, மாலை 5.33

கனடாவிலிருந்து. பிறந்தது திருகோணமலை பாலையூற்று, கத்தோலிக்கன்.

எனக்கு இந்த இழையில் ஒரு நெருடல். 'உங்கள் ஊரில் யார் நிற்கிறார்கள்' என்ற கேள்வியை எல்லாரும் தராசாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். அந்தத் தராசில் வைத்தால் என் அப்பாவுக்குப் படிப்பே கிடைத்திருக்காது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து, நியூ ஓர்லியன்ஸைச் சேர்ந்த இயேசு சபைத் துறவிகள் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் வந்தார்கள். அப்பா புனித சூசையப்பர் கல்லூரியில் அவர்களிடம் படித்தவர். கூடைப்பந்தும் அவர்கள் கற்றுக்கொடுத்ததுதான். வீட்டில் அடிக்கடி அடிபடும் பெயர் யூஜின் ஹெபர்ட் அடிகளார். லூசியானாக்காரர். 1948இல் வந்தார். அந்த வருடம் லூசியானாவில் கறுப்பு மக்கள் பஸ்ஸில் பின்வரிசையில் உட்காரவேண்டும் என்று சட்டம் இருந்தது. அங்கே செய்ய வேலையில்லையா? இருந்தது. ஆனாலும் வந்தார். நாற்பத்திரண்டு வருடம் இங்கேயே இருந்தார். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்டார். பின்னால் ஒரு தமிழ் இளைஞர். இருவரும் போய்ச் சேரவில்லை. இன்றுவரை உடலும் கிடைக்கவில்லை, ஸ்கூட்டரும் கிடைக்கவில்லை.

அவரிடம் யாராவது 'உங்கள் ஊரில் யார் நிற்கிறார்கள்' என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

கோணமலைக் காகம் | 10 டிசம்பர் 2024, இரவு 7.20

'இதுதான் என் ஊர்' என்றிருப்பார். நாற்பத்திரண்டு வருடம் இருந்தவரிடம் அதை யார் கேட்கப் போகிறார்கள்? பெரியவர் கேட்டது அமெரிக்கரையல்ல. இரண்டு கிழமை விசாவில் வந்து ஐந்து கிணற்றை எண்ணியவர்களை. அக்கா, கோபம் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஊழியம் என்ற சொல்லை நீங்கள் எவ்வளவு இயல்பாக எழுதுகிறீர்கள். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) ஆண்ட காலத்தில் இலங்கைத் தமிழருக்கும் சோனகருக்கும் (முஸ்லிம்களுக்கும்) ஊழியம் என்றால் கூலியில்லாமல் அரசுக்குச் செய்யவேண்டிய கட்டாய வேலை. பணம் கட்டித்தான் அதிலிருந்து தப்பலாம். அந்தச் சொல் உங்கள் சபைக்குள் போய் இவ்வளவு மணத்தோடு வெளியே வந்திருப்பதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

பாலையூற்றான் | 10 டிசம்பர் 2024, இரவு 8.04

சரி, ஏற்றுக்கொள்கிறேன், பாதி. ஆனால் நாற்பத்திரண்டு வருடம் இருந்தவரும் ஒருநாள் முதல் கிழமைக்காரராகத்தானே வந்து இறங்கியிருப்பார்? முதல் கிழமையிலேயே 'போய்விடு' என்றிருந்தால்?

கிண்ணியா நானா | 11 டிசம்பர் 2024, அதிகாலை 5.50

சுபஹுத் தொழுகை முடித்து வந்து முழுதையும் வாசித்தேன். எங்கள் வாப்பாவின் கிணற்றை 2005இல் ஒன்பது தடவை இறைத்தார்கள். நான் எண்ணினேன். ஒன்பது கூட்டம், ஒன்பது படம். ஒவ்வொரு படத்திலும் வாப்பா கிணற்றுக் கட்டில் கை வைத்து நிற்கிறார், முகம் மட்டும் ஒவ்வொன்றிலும் இன்னும் கொஞ்சம் இருண்டுகொண்டே போகிறது. அந்தச் சல்லிப் பெரியவர் மாதிரி குழாயில் கால் வைக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் வாப்பா வளவுக்கு மேற்கே பள்ளத்தில் மண்வெட்டியால் இடுப்பளவுக்குப் பூவல் தோண்டினார். அதில் ஊறியது குடிக்கும்படி இருந்தது. காலையில் இரண்டு குடம், மாலையில் இரண்டு குடம், அதற்கு மேல் அள்ளவிடமாட்டார்.

தேரூர்க்காரி சகோதரி கேட்டது ஊழியத்துக்குப் போனவர்கள் சந்தித்த அந்நியர்களைப் பற்றி. நான் சொல்லப்போவது ஊழியத்துக்கு வந்த ஓர் அந்நியரைப் பற்றி.

அப்போது எங்களுக்குப் பாலம் இல்லை. 2009இல்தான் திறந்தார்கள். திருகோணமலையிலிருந்து வருபவர்கள் பாதையில் ஏறிக் கடக்கவேண்டும். (இந்திய நண்பர்களுக்கு: நாங்கள் பாதை என்பது வாகனங்களை ஏற்றிக் கடக்கும் மிதவையை.) எங்கள் ஆஸ்பத்திரியைக் கடல் உடைத்துப் போட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் முகாம். ஒருநாள் பாதையில் ஒரு கொரியப் பெண் தனியாக வந்து இறங்கினார். இருபத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. தமிழ் ஒரு சொல் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. மற்றவர்கள் எல்லாரும் என்ன வேண்டும் என்று கேட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தபோது இவர் முகாம் சமையல்கட்டுக்குப் போய் உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். முந்நூறு பேருக்கு இரண்டு வேளைச் சோறு. வெங்காயம் முடிகிற காரியமா? மறுநாளும் வந்தார். ஒரு மாதம் வந்தார்.

முதல் கிழமை பெண்கள் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். எப்போது புத்தகத்தை எடுப்பாள் என்று. அவர் எடுக்கவில்லை. கத்தியை மட்டும்தான் எடுத்தார். உம்மாவுக்குக் கண் எரியும்போது இவர் பக்கம் திரும்புவார், இவருக்கும் எரியும். உம்மாவின் தங்கையும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் போனதற்கு உம்மா அதுவரை அழவில்லை. வெங்காயத்தைச் சாட்டி அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து அழுதார் என்று நான் நினைக்கிறேன். கேட்டால் ஒத்துக்கொள்ளமாட்டார்.

பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. உம்மா 'வெங்காயப் பிள்ளை' என்று வைத்தார். போகும் நாள் உம்மா ஒரு முந்தானைத் துணியை அவர் தலையில் போட்டு வழியனுப்பினார். அதோடு பாதையில் ஏறிப் போனார். கடிதம் இல்லை, ஒன்றும் இல்லை. உம்மாவுக்கு இப்போது எண்பது. வெங்காயம் உரிக்கும் நாளெல்லாம் அந்தப் பிள்ளை கல்யாணம் செய்திருக்குமா என்று கேட்கிறார்.

பாலையூற்று நண்பருக்கு: முதல் கிழமையில் யாரும் போ என்று சொல்லவில்லை. எங்கே உட்காருகிறார்கள் என்று பார்த்தோம்.

நீரோட்டம் | 11 டிசம்பர் 2024, காலை 9.15

பூவல் என்ற சொல்லைத் தந்ததற்கு நன்றி நானா. வாப்பாவின் 'இரண்டு குடம், அதற்கு மேல் இல்லை' என்பது நாங்கள் பாதுகாப்பான எடுப்பு அளவு என்று அறிக்கையில் எழுதுவது. அவருக்கு அறிக்கை தேவைப்படவில்லை.

வேதப்பிரியன் | 11 டிசம்பர் 2024, பகல் 1.40

முந்தாநாள் வேகமாக எழுதிவிட்டேன். ஆனாலும் கேட்கிறேன்: அந்தக் கொரியச் சகோதரி வாய் திறந்து சுவிசேஷம் சொல்லாமலே திரும்பினால் அவரை அனுப்பியவர்களுக்கு என்ன கணக்குக் கொடுப்பார்? சொல்லவேண்டியது நம் கடமை இல்லையா? குதர்க்கமாகக் கேட்கவில்லை. எனக்கு இது உண்மையான சிக்கல்.

கிண்ணியா நானா | 11 டிசம்பர் 2024, பகல் 2.25

கணக்கு அவருக்கும் அவரை அனுப்பியவனுக்கும் இடையில் தம்பி. உம்மாவிடம் கேட்டால் வெங்காயக் கணக்குச் சொல்வார்.

தேரூர்க்காரி | 12 டிசம்பர் 2024, இரவு 11.30

வெங்காயப் பிள்ளையைப் படித்துவிட்டு நேற்று எதுவும் எழுத முடியவில்லை.

பாலையூற்றான் கேட்டது நியாயம். உள்ளூரில் வேலை தீர்ந்த பிறகுதான் வெளியூர் போகவேண்டும் என்றால் யாரும் எங்கும் போகமுடியாது. அதனால் நான் ஏன் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மணக்குடிக்குப் போக யாரும் மாலை போட்டு அனுப்பமாட்டார்கள். பஸ் ஏறினால் அரை மணி நேரம், அவ்வளவுதான். திருகோணமலைக்குப் புறப்பட்டபோது எங்களை மேடையில் முழங்காலிட வைத்து, போதகர் ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து ஜெபித்தார். அம்மா அழுதாள். சபைப் பத்திரிகையில் படம் வந்தது. எனக்கு அது வேண்டியிருந்தது. அப்போது எனக்கு இருபத்தேழு வயது, மருத்துவமனையில் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் 'ஏய் சிஸ்டர்' என்று கூப்பிடும் இடத்தில் வேலை. நானும் ஒருநாள் அனுப்பப்பட்டவளாக இருக்க ஆசைப்பட்டேன்.

திரும்பி வந்து மணக்குடிக்குப் போனேன். மேல மணக்குடிக்கும் கீழ மணக்குடிக்கும் நடுவில் இருந்த பாலத்தை அலை தூக்கிக்கொண்டு போயிருந்தது. தற்காலிகக் குடியிருப்பில் நாலு சனிக்கிழமை போய் இரத்த அழுத்தம் பார்த்தேன், புண்ணுக்குக் கட்டுப் போட்டேன். ஐந்தாவது சனிக்கிழமை பணி மாற்றம் வந்தது. அதைச் சாக்காக வைத்து நிறுத்திவிட்டேன். பெரிதாக ஒன்றும் மாறவில்லை, அழகாக முடித்துக் காட்ட என்னிடம் கதை இல்லை.

ஒன்று மட்டும் செய்ய நினைத்திருக்கிறேன். ஜனவரியில் பத்து நாள் விடுப்பு. சபை இல்லை, குழு இல்லை, நானும் என் மகளும் மட்டும். சல்லிக்குப் போகவேண்டும். அவர் இருந்தால் தொண்ணூறு வயதாகியிருக்கும், இருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவர் வீட்டில் யாராவது இருப்பார்கள். கன்னியாவில் யாருக்காகக் காரியம் செய்தார் என்று கேட்கவேண்டும். கேட்கலாமா காகம்? இருபது வருடம் கழித்துக் கேட்பது முறையா?

கோணமலைக் காகம் | 13 டிசம்பர் 2024, காலை 6.08

கேளுங்கள். இங்கே செத்தவர்களைப் பற்றிக் கேட்டால் யாரும் கோபிக்கமாட்டார்கள். கேட்காமல் போனவர்களைத்தான் நினைவு வைத்திருப்பார்கள்.

வழி: திருகோணமலை பஸ் நிலையத்தில் நிலாவெளிப் பக்கம் போகும் எந்த பஸ்ஸிலும் ஏறுங்கள். சல்லிச் சந்தியில் இறக்கிவிடச் சொன்னால் இறக்கிவிடுவார்கள். ஜனவரியில் மாரி முழுதாக ஓய்ந்திருக்காது, குடை கொண்டுவாருங்கள். கிணறுகள் நிறைந்து நிற்கும். தண்ணீர் நன்றாக இருக்கும் மாதமும் அதுதான். யாராவது கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்தால் ஒரு கிலோ சீனியும் ஒரு பொதி தேயிலையும் போதும். பொதிக்குள் வேறொன்றும் வைக்கவேண்டாம்.

வயதானவர்கள் யாரைக் கண்டாலும் ஐயா என்று கூப்பிடுங்கள்.

கிண்ணியா நானா | 13 டிசம்பர் 2024, காலை 6.40

ஒரு நாள் கிண்ணியாவுக்கும் வாருங்கள் சகோதரி. இப்போது பாலத்தில் ஐந்து நிமிடத்தில் கடந்துவிடலாம். உம்மாவிடம் சொல்லிவிட்டேன். செவிலியர் என்றதும் தன் முழங்காலைக் காட்டக் காத்திருக்கிறார்.

தேரூர்க்காரி | 13 டிசம்பர் 2024, இரவு 9.55

வருகிறோம் நானா. முழங்காலும் பார்க்கிறேன், வெங்காயமும் உரிக்கிறேன்.

காகம், சீனியும் தேயிலையும் குறித்துக்கொண்டேன். ஐயா என்பதையும். சல்லியில் இறங்கியதும் முதலில் பாட்டாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிறேன், வாய் தவறிவிட்டால் காட்டுவதற்கு ஒன்று வேண்டுமல்லவா.